குடியேறிகள் வண்டியில் ஸ்டீவன்சன்

ஸ்டீவன்சன் என்ற பெயரைக் கேட்டதும் ஒற்றைக்கால் மாலுமியும், அவன் தோளில் அமர்ந்த கிளியும், புதைத்து வைத்த பொன்னும் நம் நினைவுக்கு வருகின்றன. நான் பள்ளியில் படித்த நாளில் ‘புதையல் தீவு’ சுருக்கப் பதிப்பாக எங்களுக்குத் துணைப்பாட நூலாய் இருந்தது. தேர்வுக்கு வேண்டிய நான்கைந்து பாத்திரப் படைப்புகளை நெட்டுருப் போட்டு ஒப்பித்துவிட்டு அந்நூலை மறந்துபோனேன். அதை எழுதத் தொடங்குவதற்கு இரண்டாண்டு முன்பு அதன் ஆசிரியர் ஒரு தோள்பையுடன் தன்னந்தனியே அமெரிக்கக் கண்டத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் குறைந்த கட்டண இரயிலில் போய்ச் சேர்ந்தார் என்பது எனக்கு நெடுநாள் தெரியாது. இளங்கலை வகுப்பில் படிக்கும்போது, கல்லூரி நூலகத்தின் அடித்தட்டில், கரையான் ஓரம் அரித்த ஒரு பழைய தொகுதியில்தான் அந்தப் பயணத்தைப் படித்தேன். அன்று பிற்பகல் வகுப்புக்குச் செல்லவில்லை. (இதை இப்போது ஒப்புக்கொள்வதில் தவறில்லை. அன்று வருகைப் பதிவு எடுத்த பேராசிரியர் ஓய்வு பெற்றுப் பல்லாண்டு ஆகிறது.)

இன்று முதுகுப்பையுடன் ஊர் ஊராகச் சுற்றுவது இளைஞர்களுக்கு விருப்பமான செயலாகிவிட்டது. கைப்பேசியில் வண்டி நேரமும் தங்கும் விடுதியும் தெரிந்துவிடுகின்றன. சென்ற விடுமுறையில் நம் கல்லூரி மாணவர் சிலரும் அவ்வாறு சென்று வந்து என்னிடம் கதைகதையாய்ச் சொன்னார்கள். அவர்களுக்கு நான் ஸ்டீவன்சனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். மணி அடித்துவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1850ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். அவருடைய குடும்பம் கலங்கரை விளக்கம் கட்டும் பொறியாளர் குடும்பம். கடல் நடுவே, அலை மூடும் பாறை ஒன்றின்மீது பெல் ராக் விளக்கத்தை எழுப்பிய ராபர்ட் ஸ்டீவன்சன் இவருடைய பாட்டனார். தந்தை தாமசும் அத்துறையில் பெயர் பெற்றவர். ஒரே மகன். அந்த மகனுக்கோ பிறந்தது முதல் நெஞ்சு பலவீனம். இரவெல்லாம் இருமிக் கிடந்த குழந்தைக்குக் கண் விழித்துக் கதை சொல்லி வளர்த்தவர் கம்மி என்று அவர் அழைத்த செவிலித்தாய்.

குலத்தொழிலுக்காகவே பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்க அனுப்பினார்கள். 1871இல், விட்டு விட்டு ஒளிரும் விளக்கு ஒன்றைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. தந்தை மகிழ்ந்தார். அதே ஆண்டிலேயே தாம் பொறியாளராகப் போவதில்லை, எழுத்தே தம் வாழ்வு என்று மகன் சொல்லிவிட்டார். எழுத்து சோறு போடாது என்பது எடின்பரோவுக்கும் நம்மூருக்கும் பொதுவான கருத்து. ஆகவே சட்டமாவது படி என்றார் தந்தை. படித்தார். 1875இல் வழக்கறிஞராகவும் பதிவு செய்துகொண்டார். ஆனால் நீதிமன்றத்தால் அவருக்கோ அவரால் நீதிமன்றத்துக்கோ பயன் ஒன்றும் விளையவில்லை. இதற்கிடையே 1873இல் தமக்குச் சமய நம்பிக்கை இல்லை என்பதையும் தந்தையிடம் மறைக்காமல் சொல்லிவிட்டார். பக்தி மிகுந்த அவ்வீட்டில் அது ஒரு சாவு வீட்டின் அமைதியைக் கொண்டுவந்தது.

1876இல் நண்பர் ஒருவருடன் பெல்ஜியத்திலும் பிரான்சிலும் சிறு படகில் ஆறுகள் வழியே பயணம் செய்தார். அதே ஆண்டு, ஓவியர்கள் கூடும் கிரே என்ற பிரெஞ்சு சிற்றூரில் ஃபானி ஆஸ்போர்ன் என்ற அமெரிக்கப் பெண்மணியைச் சந்தித்தார். அவர் ஸ்டீவன்சனைவிடப் பத்து வயது மூத்தவர். கணவரைப் பிரிந்து வாழ்ந்தவர். இரண்டு பிள்ளைகளின் தாய். மூன்றாவது குழந்தையை அவ்வாண்டுதான் பாரிசில் பறிகொடுத்திருந்தார். இருவருக்கும் இடையே அன்பு மலர்ந்தது. 1878இல் ஃபானி கலிபோர்னியாவுக்குத் திரும்பிவிட்டார்.

அந்தத் துயரத்தோடுதான் ஸ்டீவன்சன் அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் தென் பிரான்சின் செவென் மலைகளில் பன்னிரண்டு நாள் நடந்தார். மொடெஸ்தீன் என்று பெயரிட்ட ஒரு கழுதை அவர் மூட்டையைச் சுமந்தது. வெளியே பச்சை நிறத்தில் நீர் புகாத வண்டித் துணி, உள்ளே நீல நிறக் கம்பளி ரோமம் என்று படுக்கைப் பை ஒன்றைத் தாமே திட்டமிட்டுத் தைக்கச் செய்துகொண்டார். இன்று கடையில் வாங்கிச் சுருட்டி முதுகில் கட்டிக்கொள்கிறோமே, அதன் மூதாதைகளில் அதுவும் ஒன்று.

1879 கோடையில் கலிபோர்னியாவிலிருந்து தந்தி வந்தது. ஸ்டீவன்சன் பெற்றோரிடம் சொல்லவில்லை. நெருங்கிய நண்பர்கள் தடுத்தார்கள், கேட்கவில்லை. ஆகஸ்டு 7ஆம் நாள் ‘டெவோனியா’ என்ற கப்பலில் ஏறினார். தந்தை செல்வர்தாம். ஆனால் தந்தை ஒப்பாத காரியத்துக்குத் தந்தையின் பணத்தைத் தொடுவது முறையன்று என்று மகன் எண்ணினார். மேலும், இந்தப் பயணத்தை ஒரு நூலாக்கிப் பிழைக்கலாம் என்ற எண்ணமும் இருந்தது. கப்பலின் அடித்தளத்துக்கு ஆறு கினி கட்டணம். அதையொட்டிய இரண்டாம் அறைக்கு எட்டு கினி. எழுதுவதற்கு ஒரு மேசை கிடைக்கும் என்பதற்காகவே இரண்டு கினி கூடுதலாகக் கொடுத்தார். கப்பல் ஆடிய ஆட்டத்தில் அந்த மேசையில் ஒரு முழுக் கதையையும் எழுதி முடித்தார்.

அந்தக் கப்பலில் அவர் கண்டது வேறோர் உலகம். புது நாட்டை வெல்லப் புறப்பட்ட வீர இளைஞர்களை எதிர்பார்த்திருந்தார். ஆனால் கூட வந்தவர்களில் பலர் நடுவயதைத் தாண்டியவர்கள், வேலை இழந்தவர்கள், குடியில் தேய்ந்தவர்கள். முந்திய ஆண்டில்தான் கிளாஸ்கோ நகர வங்கி முறிந்து ஸ்காட்லாந்தில் பல குடும்பங்கள் தெருவுக்கு வந்திருந்தன. தோற்றவர்களின் கூட்டத்தில் தாமும் ஒருவர் என்பதை ஸ்டீவன்சன் அங்குதான் உணர்ந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

நியூயார்க்கில் இறங்கியபோது விடாத மழை. துறைமுகத்தை அடுத்த மலிவு விடுதியில் ஓர் இரவு. மறுநாள் ஊருக்குள் அலைந்து தொப்பலாக நனைந்த உடுப்பையும் காலணியையும் விடுதித் தரையிலேயே விட்டுவிட்டுப் புறப்பட்டார். காய வைக்க நேரமில்லை. கையில் சிறு பெட்டி, தோளில் பை, இரயில் கம்பளியைச் சுருட்டிய மூட்டை ஒன்று. அந்த மூட்டைக்குள் என்ன இருந்தது தெரியுமா? பாங்கிராஃப்ட் எழுதிய அமெரிக்க வரலாறு, ஆறு தடித்த தொகுதிகள்! ஓர் ஆடை கூடுதலாக எடுக்காதவர் ஆறு வரலாற்று நூல்களைச் சுமந்து கண்டம் கடக்கப் புறப்பட்டார். பயணத்துக்கு எதை எடுத்துச் செல்வது என்று என்னிடம் கேட்கும் மாணவர்களுக்கு இவரை முன்மாதிரியாகக் காட்ட நான் துணியமாட்டேன்.

பல கப்பல்கள் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்திருந்ததால் இரயிலடி மக்களால் நெரிந்தது. படகில் ஆற்றைக் கடந்து ஜெர்சி நகரில் இறங்கியபோது ஒருவரையொருவர் மிதித்துக்கொண்டு ஓடினார்கள். குளிர்ந்த நடைமேடையில் நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. உண்ண ஒன்றும் இல்லை. ஆறு ஆரஞ்சுப் பழம் வாங்கினார். அவற்றில் இரண்டில்தான் சாறு இருந்தது. மற்றவற்றை வண்டிக்கு அடியில் எறிந்தார். உடனே குழந்தைகளும் பெரியவர்களும் தண்டவாளத்தில் குனிந்து அவற்றைத் தேடித் தடவினார்கள். இந்த ஓர் இடத்தைப் படித்த பிறகு, பசி என்ற சொல்லுக்கு எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

பிட்ஸ்பர்கில்தான் முப்பது மணி நேரத்துக்குப் பிறகு ஒரு முழுச் சாப்பாடு கிடைத்தது. அடுத்து சிகாகோ. 1871இல் அந்நகரம் தீக்கிரையானபோது ஸ்காட்லாந்திலிருந்து இவரும் ஆறு பென்சு போல ஏதோ நன்கொடை கொடுத்திருந்தார். இப்போது மாடமாளிகைகளுடன் மீண்டும் எழுந்து நிற்கும் நகரைப் பார்த்ததும், அந்த ஆறு பென்சைத் திருப்பித் தரலாகாதா, அல்லது ஒரு வேளை விருந்தாவது போடலாகாதா என்று அவருக்குத் தோன்றியதாம். களைப்பில் மயங்கி விழும் நிலையிலும் இந்தக் குறும்பு அவரை விட்டுப் போகவில்லை.

அயோவா மாநிலத்தில் கிரெஸ்டன் என்ற இடத்தில் ஒரு குடிகாரர் ஏறினார். நடத்துநர் அவரை ஓடும் வண்டியிலிருந்து தள்ளிவிட்டார். விழுந்தவர் எழுந்து நின்று இடுப்புத் துப்பாக்கியில் கை வைத்தார். நடத்துநரோ படியில் நின்றபடி, ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு அவரையே பார்த்தார். அவ்வளவுதான், கீழே நின்றவர் திரும்பித் தள்ளாடி நடந்தார். மேற்கு நாடு வந்துவிட்டது என்பதற்கு அதுவே அறிகுறி.

கவுன்சில் பிளஃப்ஸ் என்ற ஊருக்கு அருகே யூனியன் பசிபிக் இரயில் தொடங்கியது. குடியேறிகளுக்கு என்று தனி வண்டி. பயணிகளை மூன்றாகப் பிரித்தார்கள்: குடும்பங்களுக்கு ஒரு பெட்டி, தனி ஆண்களுக்கு ஒன்று, சீனர்களுக்கு ஒன்று. நீண்டு குறுகிய மரப்பெட்டி. ஒரு கோடியில் கணப்பு, மறு கோடியில் கழிப்பிடம், நடுவே நடைவழி. இருக்கைகள் ஒருவர் படுக்கப் போதாத குட்டை. இரவில் எதிரெதிர் இருக்கைகளுக்கு இடையே பலகை போட்டு, வைக்கோல் மெத்தை விரித்து இருவர் இருவராகப் படுக்க வேண்டும். பலகையும் மெத்தையும் விற்க வந்தவர் முதலில் இரண்டரை டாலர் கேட்டார். வண்டி புறப்படும் நேரம் நெருங்க நெருங்க விலை இறங்கியது. முதலிலேயே வாங்கி ஏமாந்தவர்களில் நம் ஆசிரியரும் ஒருவர்.

எதிர் வழியில் வரும் விரைவு வண்டிகளுக்கெல்லாம் வழிவிட்டு இந்த வண்டி ஒதுங்கி நிற்கும். நான் படிப்பு முடித்த புதிதில் சென்னையிலிருந்து டில்லிக்கு முன்பதிவு இல்லாப் பெட்டியில், கழிப்பறைக் கதவோரம் செய்தித்தாள் விரித்து, இரண்டு இரவு சென்றிருக்கிறேன். அதையே பெரிய சாதனையாகப் பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஸ்டீவன்சனோ ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல், பன்னிரண்டு நாள்! அதுவும் நெஞ்சு நோயோடு.

பெட்டியில் ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாது. ஊர்ப் பெயரே ஆள் பெயர். இவரோடு பலகையில் படுத்தவர் பென்சில்வேனியா. ஆஸ்துமாவுக்கு மருந்தாக மேற்கே போய்க்கொண்டே ஓயாமல் புகையிலை மென்றும் புகைத்தும் வந்த இளைஞர் டுபியூக். எந்நேரமும் எழுதிக்கொண்டிருந்த இவருக்கு வைத்த பெயர் ஷேக்ஸ்பியர்! மூவரும் கூட்டுச் சேர்ந்து ஒரு தகரக் கிண்ணமும், ஒரு துண்டும், ஒரு கட்டி சோப்பும் வாங்கினார்கள். விடியற்காலையில் ஒருவர் பின் ஒருவராய்ப் பெட்டியின் வெளித்தட்டில் மண்டியிட்டு, கம்பியில் முழங்கையை மாட்டிக்கொண்டு, ஓடும் வண்டியில் முகம் கழுவினார்கள். நட்புக்கு இதைவிடப் பெரிய முதலீடு தேவையில்லை போலும்.

நெப்ராஸ்கா சமவெளியில் வானமும் தரையும் தவிர வேறு ஒன்றும் இல்லை. பழம் ஏற்றிய பெட்டியின் கூரைமேல் ஏறி மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தார். வயோமிங்கை அடைந்தபோது உடல்நிலை மிகவும் கெட்டுவிட்டது. வண்டியில் பழமும் செய்தித்தாளும் விற்ற சிறுவன் ஒருவன், கதவுப் பக்கம் நீண்டிருந்த இவர் காலை ஒருமுறை உதைத்து ஒதுக்கிவிட்டுப் போனான். இவர் மன்னிப்புக் கேட்டும் அவன் ஒன்றும் சொல்லவில்லை. மறுமுறை வந்தவன் தோளைத் தட்டி, சாறு நிறைந்த பெரிய பேரிக்காய் ஒன்றை இவர் கையில் வைத்தான். நோயாளி என்பதை அவன் கண்டுகொண்டான். அதன்பின் விற்க வேண்டிய செய்தித்தாளை இவருக்கு இலவசமாகப் படிக்கக் கொடுப்பதும், அருகில் வந்து அமர்ந்து பேசுவதுமாகப் பயணம் முழுதும் ஒரு நோயுற்ற குழந்தையைப் போல் பார்த்துக்கொண்டான். நூல் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த மனிதன் இந்தப் பெயர் தெரியாத சிறுவன்தான்.

எதிரே கிழக்கு நோக்கி வந்த வண்டிகளிலும் குடியேறிகள் கூட்டமே இருந்தது. மேற்கே பிழைப்பு இல்லை என்று திரும்பியவர்கள். இவர்கள் வண்டியைக் கண்டதும் அவர்கள் வெளித்தட்டுக்கு ஓடிவந்து, போகாதீர்கள், திரும்புங்கள் என்று ஒப்பாரி போல் கூவினார்கள். அதைக் கேட்ட பிறகும் வண்டி மேற்கே போய்க்கொண்டிருந்தது.

சீனர் பெட்டியைப் பற்றி அவர் எழுதியிருப்பதை நம் மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். வெள்ளையர்கள் சீனரை அழுக்கர் என்று வெறுத்தார்கள். உண்மையில் அந்த வண்டியில் நாள்தோறும் உடல் கழுவித் தூய்மையாக இருந்தவர்கள் சீனர்களே என்று ஸ்டீவன்சன் கண்டார். அவர்கள் ஏறி வந்த அந்தப் பாதை 1869ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் யூட்டாவில் இணைக்கப்பட்டது. அதன் மேற்குப் பகுதியைக் கட்டிய மத்திய பசிபிக் நிறுவனத்தின் தொழிலாளரில் பெரும்பாலோர் சீனர்கள். மலையைக் குடைந்தவர்கள் அவர்கள். ஸ்டீவன்சன் சென்று மூன்று ஆண்டில், 1882இல், சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் வருவதைத் தடுத்துச் சட்டமே இயற்றிவிட்டார்கள். நிலையம் ஒன்றில் கிழிந்த பழைய ஐரோப்பிய உடையுடன் நின்ற செவ்விந்தியக் குடும்பத்தைக் கூட வந்தவர்கள் எள்ளி நகையாடியபோது, நாகரிகம் என்று நாம் சொல்லிக்கொள்வதைக் குறித்து வெட்கினார். 1879இல் இப்படி எழுதிய ஐரோப்பியர் அதிகம் பேர் இல்லை.

ஆக்டன் நகரில் வண்டி மாறி, நெவாடாப் பாலையைக் கடந்து, ஓர் இரவு விழித்தபோது காற்றில் பைன் மரத்தின் மணம் வந்தது. சியரா மலை! ஆறும் காடும் மலைச்சரிவும் பார்த்துப் பெட்டியில் இருந்த அத்தனை பேரும் குழந்தைகள் போல் வெளித்தட்டில் கூடினார்கள். ஆகஸ்டு 30ஆம் நாள் விடியலில் சான் பிரான்சிஸ்கோ.

இங்கே கதை இனிதே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. மாண்டரே ஊரில் இருந்த ஃபானி, எலும்பும் தோலுமாய் வந்து நின்ற மனிதரைப் பார்த்து உடனே முடிவு சொல்ல இயலாமல் தயங்கினார். மணவிலக்கு இன்னும் ஆகவில்லை, பிள்ளைகள் வேறு. ஸ்டீவன்சன் ஒரு குதிரையை எடுத்துக்கொண்டு தனியே மலைக்காட்டுக்குப் போய்விட்டார். அங்கே மயங்கிக் கிடந்தவரை ஆடு வளர்ப்போர் கண்டெடுத்துப் பிழைக்க வைத்தார்கள். 1879 இறுதியில் மணவிலக்கு கிடைத்தது. அப்போது அவர் சான் பிரான்சிஸ்கோவில் புஷ் தெருவில் வாடகை அறையில் தனியே இருந்தார். ஐம்பது செண்டுச் சாப்பாட்டை இருபத்தைந்து செண்டாகக் குறைத்துக்கொண்டார். வீட்டுக்காரரின் சிறு குழந்தை நோயில் விழுந்தபோது கண்விழித்துப் பணிவிடை செய்தார். குழந்தை பிழைத்தது, இவர் படுக்கையில் விழுந்தார்.

ஊரிலிருந்து தந்தி வந்தது. ஆண்டுக்கு 250 பவுன் தம்மிடமிருந்து எதிர்பார்க்கலாம் என்று தந்தை தெரிவித்திருந்தார்.

இந்த இடத்தில் என் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மேலே சொன்ன டில்லிப் பயணமும் என் தந்தையார் ஒப்பாத பயணமே. அவர் இரயிலடிக்கு வரவில்லை. நான் கடிதம் எழுதவில்லை. நான்கு மாதம் கழித்து, கூப்பனில் ஒரு சொல்கூட எழுதாமல், நூறு ரூபாய் மணியார்டர் வந்தது. பிள்ளைகளுக்கு ஸ்டீவன்சன் நடத்தும்போது, பெற்றோரிடம் சொல்லாமல் போனது சரியா என்று ஆண்டுதோறும் யாராவது ஒருவர் கேட்கிறார். இளமையில் சரி என்றேன். என் மகள் வெளியூர் வேலைக்குச் சென்ற பிறகு அவ்வளவு விரைவாகப் பதில் வருவதில்லை.

1880 மே 19ஆம் நாள் திருமணம் நடந்தது. கைவிடப்பட்ட வெள்ளிச் சுரங்கம் ஒன்றின் பாழடைந்த குடிசையில் புது வாழ்க்கை. ஆகஸ்டில் ஸ்காட்லாந்துக்குத் திரும்பினார்கள். பெற்றோர் மருமகளை ஏற்றுக்கொண்டார்கள். மறு ஆண்டு பிரேமர் என்ற மலையூரில் மழைக்கு அஞ்சி வீட்டுக்குள் அடைந்திருந்தபோது, ஃபானியின் மகன் லாயிடை மகிழ்விக்க ஒரு தீவின் படம் வரைந்தார் ஸ்டீவன்சன். அதிலிருந்து பிறந்ததே ‘புதையல் தீவு’. நாளுக்கு ஓர் அத்தியாயம் படித்துக் காட்டுவார். லாயிடைவிட அதிகமாக ஈடுபட்டவர் தந்தை தாமஸ்தாம். பில்லி போன்ஸின் பெட்டியில் இருக்கும் பொருள்களின் பட்டியலை உட்கார்ந்து தயாரித்துக் கொடுத்தவர் அவரே. பழைய கடற்கொள்ளைக்காரன் பிளின்ட்டின் கப்பலுக்கு ‘வால்ரஸ்’ என்று பெயர் வைத்தவரும் அவரே.

ஆனால் அதே தந்தை, மகனுடைய குடியேறிப் பயண நூல் அவர் தகுதிக்குக் குறைந்தது என்று கருதி, பதிப்பாளருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து அது வெளிவராமல் நிறுத்திவிட்டார். மகனும் இசைந்தார். இரயில் பகுதி 1883இல் இதழில் வந்தது, 1892இல் நூலாயிற்று. கப்பல் பகுதி அவர் இறந்த பிறகு 1895இல், அதுவும் வெட்டிக் குறைத்தே வந்தது. அவர் எழுதியபடி முழுவதும் அச்சேறியது 1966இல்தான். தந்தை 1887இலேயே காலமாகிவிட்டார்.

பின்னர் எழுதிய ‘ஜெக்கிலும் ஹைடும்’, ‘கிட்நாப்டு’ முதலியவற்றை அனைவரும் அறிவர். உடல்நிலைக்காகத் தென்கடலுக்குப் போனவர் சமோவாத் தீவில் வைலிமா என்ற இடத்தில் வீடு கட்டிக்கொண்டார். அம்மக்கள் அவரைக் கதைசொல்லி என்னும் பொருளில் டூசிடாலா என்று அழைத்தார்கள். அயலார் ஆட்சிக்கு எதிராக அவர்கள் பக்கம் நின்று எழுதினார். 1894 டிசம்பர் 3ஆம் நாள் மாலை, மனைவியோடு பேசிக்கொண்டிருந்தவர் மூளையில் இரத்தக் குழாய் வெடித்து விழுந்தார். வயது நாற்பத்து நான்கு. அவர் விரும்பியபடி வையா மலை உச்சியில் அடக்கம் செய்யப் பாதை இல்லை. சமோவாத் தலைவர்களும் அவர்தம் ஆட்களும் கத்தியும் கோடரியும் கொண்டு வந்து, காட்டை வெட்டி வழி திறந்து, மறுநாள் அவரைத் தோள்மீது சுமந்து மேலே கொண்டு சென்றார்கள்.